ஏசி மாட்ட முதல் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வையுங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மேல்மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, புளக்கல் சுவர், மேலே சீற் கூரை, அதற்குக் கீழே சீலிங். 12000 பீடியூ (குளிராக்கும் அளவு அது) இன்வேர்ட்டர் ஏசி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். புத்தகத்தில் உள்ளே மாட்டுவதை 'ஃபேன் கொயில் யூனிற்' என்று போட்டிருக்கிறதே, அது வேறு சாமானா என்று கேட்கிறார். கடைப் பொடியன்மார் கதவுக்கு மேலே சீலிங்கோடு ஒட்டி மாட்டி, ஏசியில் வடியும் தண்ணீருக்கான குழாயை பாத்ரூம் கழிவுக் குழாய்க்குள் விடலாம் என்று சொன்னார்களாம். செப்புக் குழாய் பூட்டி, குளிராக்கும் காஸைத் திறந்துவிடும் காஸ் வேலைக்கு ஆள் வர முதல் உள் யூனிற்றை மச்சானும் தானும் சேர்ந்து மாட்டி வைத்தால் கூலி மிச்சமாகுமா என்பதுதான் கடைசிக் கேள்வி.

முதலில் அந்தப் பெயர். நான் கட்டாரில் எட்டு வருடம் பார்த்தது இந்த ஃபேன் கொயில் வேலைதான். அங்கே பெரிய கட்டிடங்களில் கொயில் என்ற குழாய்ச் சுருளுக்குள் ஓடுவது காஸ் இல்லை, தண்ணீர். எங்கேயோ ஒரு இயந்திர அறையில் ஆறு ஏழு பாகைக்குக் குளிராக்கிய தண்ணீரைக் குழாய் வழியே அறை அறையாக அனுப்புவார்கள். அறைக்குள் இருப்பது ஒரு கொயில், ஒரு விசிறி, கீழே ஒரு தட்டு, அவ்வளவுதான். உங்களிடம் இருக்கும், உள்ளே ஒரு யூனிற் வெளியே ஒரு யூனிற் என்று வரும் ஸ்பிளிற் ஏசியின் உள் யூனிற்றும் அதே கொயில், அதே விசிறி, அதே தட்டுத்தான், கொயிலுக்குள் ஓடுவது மட்டும் காஸ். அதனால் சில கொம்பனிகள் இதையும் அந்தப் பெயரால் அழைக்கின்றன. சாமான் மாறவில்லை, பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்தக் கீழ்த் தட்டை மறக்க வேண்டாம், நான் சொல்லப்போவதில் பாதி அதைப் பற்றித்தான். மட்டக்களப்புப் பக்கம் காற்றில் எப்போதும் ஈரம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸை மேசையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வியர்த்துக் கீழே வட்டம் கட்டுகிறதல்லவா, உங்கள் கொயிலும் இரவு முழுக்க அப்படித்தான் வியர்க்கும். ஈரமான நாளில் 12000 பீடியூ ஏசி ஒன்று மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் விடும். எட்டு மணித்தியாலம் போட்டுப் படுத்தால் ஒரு சின்ன வாளித் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குப் பம்ப் கிம்ப் ஒன்றும் இல்லை, தட்டில் விழுந்து தானாக வழிந்து வெளியே போக வேண்டும். போகாவிட்டால் சுவரில் வழியும், இல்லாவிட்டால் கட்டிலில் சொட்டும். இந்த ஊரில் 'ஏசி பழுது' என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் நிறைய இடத்தில் ஏசிக்கு ஒரு பழுதும் இல்லை, மாட்டினவர் சரிவு விடவில்லை.

இதில் ஒரு கள்ளத்தனமும் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் சூடு தாங்காமல்தான் ஆக்கள் ஓடிப்போய் ஏசி வாங்குவார்கள். அந்தக் காற்று வறண்டது, தண்ணீர் குறைவாகத்தான் விடும், பிழையாக மாட்டின ஏசிகூட சொட்டாமல் நல்ல பிள்ளையாக இருக்கும். மாரி தொடங்கி ஈரம் ஏறினதும் அது தன் குணத்தைக் காட்டும். அப்போது மாட்டினவருக்குப் போன் எடுத்தால் 'அண்ணன், நாலு மாதம் ஒழுங்காத்தானே ஓடினது' என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை, அதுதான் கஷ்டம்.

சரி, எங்கே மாட்டுவது. கதவுக்கு மேலே வேண்டாம். ஒன்று, கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சூடு நேராக அங்கே ஏறும், ஏசியின் சென்சர் அறை இன்னும் குளிரவில்லை என்று நினைத்து ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் பீம் ஓடும். குழாய் ஓட்டை அதற்குள் போய் விழுந்தால் கொங்கிறீற்றையும் கம்பியையும் குடைய வேண்டி வரும், அதைச் செய்யவே கூடாது. மூன்று, கதவுச் சுவர் பெரும்பாலும் உள்சுவர். அங்கிருந்து வெளியே போகத் தண்ணீர்க் குழாய் அறையைச் சுற்றி ஓட வேண்டும், ஓட ஓடச் சரிவு செத்துவிடும். வெளிச்சுவர் எதுவோ அதில் மாட்டுங்கள், யூனிற்றுக்கு நேர் பின்னால் ஓட்டை போட்டு உடனே வெளியே இறக்கிவிடலாம். கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேலேயும் வேண்டாம், தப்பித்தவறிச் சொட்டினால் முகத்தில்தான் விழும். டீவி, பிளக் பொயின்ற் எதற்கும் நேர் மேலேயும் வேண்டாம். காற்று கட்டிலுக்குக் குறுக்கே போகிற மாதிரிப் பக்கச் சுவர் கிடைத்தால் அதுதான் நல்ல இடம்.

சீலிங்கோடு ஒட்டி மாட்டுவதும் பிழை. இந்த யூனிற் காற்றை இழுப்பது மேல்பக்கத்தால். சீலிங்கில் இருந்து ஒரு 6 அங்குலமாவது விட வேண்டும், பக்கங்களில் 4, 5 அங்குலம். உங்கள் மொடலுக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் படம் போட்டே இருக்கும். இடம் விடாவிட்டால் காற்று இழுபடாது, கொயிலில் ஐஸ் கட்டும், பிறகு அந்த ஐஸ் உருகித் தட்டு தாங்காமல் வழியும். கடைசியில் எல்லாம் தண்ணீரில்தான் வந்து முடியும் என்று சொன்னேனே.

இனி உங்கள் கையால் செய்யக்கூடிய வேலை: பின்தகடு. யூனிற்றுக்குப் பின்னால் கொழுவியிருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றிச் சுவரில் பிடித்து, மேலே லெவலை வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் பக்கம் ஒரு மயிரிழை தாழ்ந்தால் பரவாயில்லை, மற்றப் பக்கம் தாழவே கூடாது. சீலிங் கரையைப் பார்த்து மட்டம் பிடிக்க வேண்டாம், எங்கள் வீடுகளில் சீலிங் எத்தனை இடத்தில் நேராக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். லெவலுக்குச் சரியாகவும் கண்ணுக்குச் சரிவாகவும் தெரிந்தால் லெவலை நம்புங்கள், வீட்டுக்காரி ஏதும் சொன்னால் சீலிங் போட்டவரைக் கைகாட்டுங்கள்.

புளக்கல் சுவர் என்றபடியால் இன்னொரு விஷயம். கல்லின் நடுவில் உள்ளே வெறும் பொந்து. அந்த இடத்தில் ட்ரில் பண்ணி ரோல் பிளக் அடித்தால் ஸ்குரூ இறுகாமல் சும்மா சுற்றும். உள் யூனிற் எட்டுப் பத்துக் கிலோ வரும், அதோடு விசிறியின் அதிர்வு வேறு. ட்ரில் திடீரென்று வழுக்கி உள்ளே போனால் பொந்தில் விழுந்துவிட்டது என்று அர்த்தம், அந்த ஓட்டையை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். தகட்டில் நிறைய ஓட்டை வைத்திருப்பது அதற்காகத்தான். நாலு ஸ்குரூவோடு நிறுத்தாமல் ஆறு ஏழு அடியுங்கள், முக்கியமாக மேல் வரிசையில். முடிந்ததும் தகட்டின் கீழ்க்கரையில் விரலைக் கொழுவி இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. சுவருக்குள் வயர் ஓடுகிறதா என்று சுவிச், பொயின்ற் இருக்கும் இடங்களுக்கு நேர் மேலே கீழே யோசித்துவிட்டு ட்ரில்லைத் தொடுங்கள், மெயினையும் நிறுத்திவிட்டால் நல்லம். ட்ரில்லுக்குக் கரண்ட் பக்கத்து வீட்டில் இருந்து ஒரு எக்ஸ்ரென்சனில் எடுக்கலாம்.

சுவர் ஓட்டை 65 மில்லிமீற்றர், ஏறத்தாழ இரண்டரை அங்குலம். வட்டமாகக் குடையும் கோர் பிட் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் சுற்றிவரச் சின்ன ஓட்டை போட்டு உளியால் தட்டுவார்கள், அதுவும் சரிதான், மெதுவாகத் தட்டினால் வெளிப்பூச்சு பெயராது. இந்த ஓட்டை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், 5 முதல் 10 மில்லிமீற்றர். உள்ளே நின்று ட்ரில் பிடிக்கிறவருக்குக் கை களைத்ததும் ட்ரில்லின் பின்பக்கம் தொங்கும், பின்பக்கம் தொங்கினால் முனை மேலே போகும், ஓட்டை வெளியே உயர்ந்துவிடும். தண்ணீர் உள்ளே வரும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போட்டு முடிந்ததும் ஓட்டைக்குள் ஒரு பிவிசி குழாய்த் துண்டைச் செருகி, அதற்குள் ஒரு மாபிளை உருட்டி விடுங்கள். வெளியே போய் விழுந்தால் சரி. உங்களிடமே திரும்பி வந்தால் மச்சானை ஏசிக்கொண்டு இன்னொரு தரம் குடைய வேண்டியதுதான்.

யூனிற்றில் இருந்து வரும் இரண்டு செப்புக் குழாய், வயர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் ஒரு கட்டாகச் சுற்றித்தான் அந்த ஓட்டையால் அனுப்புவார்கள். கட்டுக்குள் தண்ணீர்க் குழாய் அடியில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் செப்புக் குழாயின் மேல் ஏறி இறங்கி நடுவில் ஒரு மேடு உண்டாகும், மேட்டைத் தாண்டித் தண்ணீர் போகாது. செப்புக் குழாயை வளைக்கும்போது அவசரப்பட வேண்டாம், இரண்டு கைப் பெருவிரலாலும் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக வளையுங்கள். ஒரு தரம் மடிந்து சப்பையானால் அதைத் திரும்ப நிமிர்த்த முடியாது. குழாய் நுனிகளில் இருக்கும் மூடியை மட்டும் கழற்றவே வேண்டாம், அது காஸ் வேலைக்கு வருகிறவர் கழற்ற வேண்டியது. ஈரக் காற்றும் சீமெந்துத் தூசியும் உள்ளே போனால் பிறகு அது வெளி யூனிற்றில் காஸை அமத்தி ஓட்டும் கொம்பிரசரின் தலையில்தான் விடியும்.

இப்போது அந்தப் போத்தல். யூனிற்றைத் தகட்டில் கொழுவி, தண்ணீர்க் குழாயை வெளியே இறக்கிய பிறகு, முன்மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றுங்கள். உள்ளே மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரியும், அதுதான் கொயில், கூராக இருக்கும், கை வெட்டும். அதன் கீழ்க்கரையில் இருக்கும் தட்டுக்குள் ஒன்றரை லீற்றர் போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வலது பக்கம் வயர்ப் பலகை இருக்கும், அங்கே ஒரு துளிகூடப் படக் கூடாது, இடது கையில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் வெளியே குழாய் நுனியில் வாளியோடு நிற்க வேண்டும். ஊற்றின சில விநாடியில் வெளியே நூல் மாதிரித் தண்ணீர் வந்து, ஊற்றி முடிந்த கையோடு அங்கேயும் நின்றுவிட வேண்டும். விட்டு விட்டு இருமுவது போல வந்தால் எங்கேயோ குழாய் தொங்கிக் காற்று அடைக்கிறது. வரவே இல்லை என்றால் கழற்றுங்கள், வெட்கம் பார்க்க வேண்டாம். யூனிற்றைக் கழற்றுவது இப்போது பத்து நிமிட வேலை, காஸ் குழாய் பூட்டின பிறகு அரை நாள் வேலை.

நான் ஊருக்கு வந்த புதிதில் இந்தச் சோதனையைச் செய்யாமல் கல்லடியில் ஒரு வீட்டில் மூடிவிட்டு வந்தேன். கட்டாரில் எட்டு வருடம் பார்த்தவன் என்ற திமிர். மார்கழியில் அந்த வீட்டு அம்மா போன் எடுத்து 'மனே, ஏசிக்குக் கீழ பாய் நனைஞ்சு கிடக்கு' என்றா. போய்ப் பார்த்தால் ஓட்டைக்குள்ளே குழாய் ஒரு சின்ன வளைவில் தொங்கி நின்றது, அரை அங்குலம்கூட இருக்காது. அன்றிலிருந்து என் ட்ரில் பெட்டிக்குள் ஒரு வெறும் போத்தல் கிடக்கிறது.

வெளியே குழாய் நுனி எங்கே போவது? பாத்ரூம் கழிவுக் குழாய்க்குள் நேராக விட வேண்டாம். அங்கிருக்கும் மணமும் வாயுவும் அந்தக் குழாயால் ஏறி நேரே உங்கள் அறைக்குள் வரும், அதோடு கரப்பான் பூச்சியும் வரும். சுவரோடு கீழே இறக்கி நிலத்துக்கு ஒரு சாண் மேலே காற்றில் விடுங்கள், பூமரத்துப் பாத்தியில் விழுந்தால் அதற்கும் தண்ணீர் ஆச்சு. வாளி வைத்தால் நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது, மூழ்கினால் மேலே அடைக்கும். நுனியில் ஒரு துண்டு நுளம்பு நெற்றைச் சுற்றிக் கட்டுங்கள். ஏன் என்றால் எங்கள் ஊர்க் குளவிக்கு இந்த அளவுக் குழாயைக் கண்டால் வீடு குடிபுகும் ஆசை வந்துவிடும். ஏறாவூரில் ஏசி சொட்டின ஒரு வீட்டில் இரண்டு பேர் வந்து காஸ் குறைவு என்று சொல்லிக் காஸும் அடித்துக் காசும் வாங்கிப் போயிருந்தார்கள், நான் ஒரு கம்பியைக் குழாய் நுனிக்குள் விட்டு இழுத்தேன், காய்ந்த மண்ணும் உள்ளே செத்த புழுவுமாக விரல் நீளத்துக்கு ஒரு கட்டி வந்து விழுந்தது, பின்னாலேயே தண்ணீர். நெற்றைக் கட்டினால் மாதம் ஒரு தரம் கழுவவும் வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடித்து அதுவே அடைக்கும்.

செப்புக் குழாய்க்கு மேல் போடும் கறுப்பு நுரையைப் பற்றி ஒன்று. இரண்டு குழாயும் குளிரும், அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக நுரை வேண்டும். சிலர் தடித்த குழாய்க்கு மட்டும் போட்டு மெல்லியதை வெறுமனே விட்டுவிடுவார்கள். அதிலும் மோசம், யூனிற்றுக்குப் பின்னால் நட்டு பூட்டும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நுரை இல்லாமல் மூடிவிடுவது. தட்டும் சரி, சரிவும் சரி, ஆனாலும் சுவர் நனைகிறது என்றால் வியர்ப்பது இந்த ஒரு சாண்தான். நட்டு பூட்டிக் கசிவு பார்த்து முடிந்ததும் அந்த இடத்தை நுரையால் இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் வெள்ளை ரேப் சுற்றும்போது கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், ஓலை வேய்கிற மாதிரி, அப்போதுதான் மழைத் தண்ணீர் மடிப்புக்குள் போகாது. சுவர் ஓட்டையின் மிச்ச இடத்தைப் புட்டியால் அடையுங்கள், வாடைக்காற்றோடு வரும் மழை அந்த இடைவெளியைத் தேடி வரும். மழை மட்டும் இல்லை, பல்லியும் எறும்பும் அதால்தான் உள்ளே போய் வயர்ப் பலகையில் படுத்துச் சாகும், அப்போது பலகையும் சாகும்.

உங்கள் வேலை இதோடு முடிந்தது. செப்புக் குழாய் நுனியை விரித்து நட்டு பூட்டுவது, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வக்கியூம் போடுவது, காஸ் திறப்பது மூன்றையும் தொட வேண்டாம். இப்போது வருகிற இன்வேர்ட்டர் ஏசிகளில் நிறைய ஆர்32 காஸ். கொஞ்சமாகத் தீப்பற்றக்கூடியது, அழுத்தமும் பழைய ஆர்22 காஸை விட மிக அதிகம். ஆனால் ஆள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. குழாயைக் கட்டரால் வெட்டுகிறாரா, வாள் பிளேட்டால் அறுக்கிறாரா? அறுத்தால் செப்புத் தூள் உள்ளே போகும். நட்டை இரண்டு ஸ்பனர் பிடித்துப் பூட்டுகிறாரா? கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர், 3/8 அங்குலத்துக்கு ஏறத்தாழ 34 முதல் 42, இதற்கு இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனர் இருக்கிறது. 'இன்னும் கொஞ்சம் இறுக்குவம்' என்று முறுக்கினால் விரித்த வாய் வெடித்துவிடும், தளர்ந்த நட்டை விட இறுக்கி வெடித்த நட்டால் போன காஸ்தான் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே, வக்கியூம் பம்ப் கொண்டு வருகிறாரா என்று போனிலேயே கேளுங்கள். வெளி யூனிற்றில் இருக்கும் காஸைக் கொஞ்சம் திறந்து அதனால் குழாய்க்குள் இருக்கும் காற்றைத் தள்ளி வெளியேற்றுவது பழைய பழக்கம். காற்று போனாலும் ஈரம் போகாது, ஈரம் உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரை மெல்ல மெல்லத் தின்னும். பம்ப் ஒரு அரை மணித்தியாலம் ஓடி, வக்கியூம் மீற்றர் 500 மைக்ரனுக்குக் கீழே இறங்கி, நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் ஏறாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவருக்கு ஒரு பிளேன்ரீ கொடுத்து இருத்தி வையுங்கள், அவசரப்படமாட்டார்.

கரண்ட். பக்கத்தில் இருக்கும் 13 அம்பியர் பிளக்கில் செருகி விட வேண்டாம். வீட்டு லைன்கள் பிரியும் டீபி பெட்டியில் இருந்து தனி லைன், 7/0.67 வயர் (2.5 சதுர மில்லிமீற்றர்), அதற்குத் தனி பிரேக்கர், அளவு உங்கள் மொடல் புத்தகத்தில் இருக்கும். சில மொடலுக்கு லைன் உள் யூனிற்றுக்கு வர வேண்டும், சிலதுக்கு வெளி யூனிற்றுக்கு, அதையும் பார்த்துவிட்டு வயர் இழுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இடையில் ஓடும் வயர்களை இலக்கம் பார்த்து ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று பூட்ட வேண்டும், மாறினால் ஏசி ஓடாது, எழுத்தும் இலக்கமுமாக ஏதோ காட்டிக்கொண்டு நிற்கும். எர்த்தை விட்டுவிட வேண்டாம். கரையோரம் முழுக்க மணல், கோடையில் எர்த் கம்பியைச் சுற்றி மணல் காய்ந்துவிட்டால் அது பேருக்குத்தான் எர்த். ட்ரிப் சுவிச்சின் சோதனை (ரெஸ்ற்) பட்டனை அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் ஏசிக்கு முதல் அதை மாற்றுங்கள்.

அறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சீற்றுக்குக் கீழே இருக்கும் மேல்மாடி அறைக்கு 12000 சரியான அளவு, 9000 போதாது. ஆனால் சீலிங்குக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற இடைவெளி, ஜன்னலுக்கு மேலே காற்றோட்டப் பூக்கல், கதவுக்குக் கீழே இரண்டு விரல் சந்து, இவை மூன்றும் திறந்திருந்தால் நீங்கள் குளிராக்குவது களுவாஞ்சிக்குடியை. கண்ணாடியோ பிளைவூட்டோ வைத்து அடையுங்கள். அது காசுக்கு மட்டும் இல்லை, வெளி ஈரம் உள்ளே வந்துகொண்டே இருந்தால் தட்டில் விழும் தண்ணீரும் கூடிக்கொண்டே இருக்கும்.

வெளி யூனிற் கடலைப் பார்க்காத பக்கச் சுவரில் இருக்கட்டும், போல்ட் நட்டு எல்லாம் ஸ்ரெயின்லெஸ் வாங்குங்கள், மற்றது உப்புக் காற்றில் வருடம் தாண்டாது. நிலத்தில் வைக்கிற யோசனை இருந்தால் 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டு அதற்கு மேலே வையுங்கள். கூலி மிச்சமாகுமா என்றால், தகடும் ஓட்டையும் நீங்களே முடித்து, தனி லைனும் முதலே போட்டிருந்தால் வருகிறவர் குறைத்துத்தான் வாங்குவார், ஆனால் விலையை முதலே பேசிக்கொள்ளுங்கள். அவர் வந்ததும் முதல் வேலையாக அவர் கண் முன்னாலேயே இன்னொரு போத்தல் தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள், பிறகு சொட்டினால் யாருடைய பிழை என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.